அவசரத்தில் வீட்டை விற்க நேர்ந்தால்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)





ஆண்டுக்கூட்டத்தில் நாம் வழக்கமாகப் பேசுவது பள்ளியின் வரவு செலவு, மதரஸாவின் நிலை, கபுருஸ்தான் சுற்றுச்சுவர் ஆகியவற்றைப் பற்றித்தான். இன்று அவற்றோடு இன்னொன்றையும் பேச விரும்புகிறோம். நமது மக்களிடம் உள்ள சொத்துகளில் பெரியது குடியிருக்கும் வீடு. மூன்று தலைமுறை உழைப்பில் எழுந்த அந்த வீடு சில வேளைகளில் மூன்றே நாட்களில் கைமாறிவிடுகிறது. கைமாறுவதைக் குறை கூற முடியாது. விற்கும் உரிமை உடையவருக்கு உண்டு. தேவையும் பல நேரங்களில் உண்மையானதே. ஆனால் வீடும் போய், உரிய விலையும் கிட்டாமல், உடன்பிறந்தோர் உறவும் முறிந்து நிற்கும் குடும்பங்களைக் காணும்போது, இதைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த வார்த்தைதான் இந்த உரை.

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோதான் வீடு விற்கிறான். எதிரே அமர்ந்து பேசும் தரகரும், சொத்து வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவரும் மாதந்தோறும் அதைச் செய்கின்றனர். விற்பவரின் நெருக்கடி அவர்களுக்கு முகத்திலேயே தெரிந்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய நம்மிடம் உள்ள வழி ஒன்றே: செய்தி அறிந்திருப்பது.

விரைவுக்கு ஒரு விலை உண்டு

அவசர விற்பனைக்கு நம்மிடையே உள்ள காரணங்கள் பெரும்பாலும் நான்கு: மருத்துவச் செலவு, பெண் மக்களின் திருமணம், கடன் நெருக்கடி, பெற்றோர் மறைவுக்குப் பின் பாகம் பிரித்தல். இவற்றுள் உண்மையில் நாள் குறித்து வருவது மருத்துவச் செலவு ஒன்றுதான். மற்ற மூன்றும் பல மாதங்களுக்கு முன்பே வாசலில் வந்து நிற்பவை. நாம்தாம் அவற்றைக் கடைசி வாரம் வரை காணாதது போல் இருந்துவிடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டின் சந்தை விலை 40 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். அறுவை சிகிச்சைக்கு உடனே தேவைப்படுவது 8 லட்சம். “பத்து நாட்களில் முழுப் பணமும் தருகிறேன், 30 லட்சத்துக்கு முடித்துக் கொடுங்கள்” என்று ஒருவர் வருகிறார். குடும்பத்தார் ஒப்புக்கொள்கின்றனர். இங்கே 8 லட்சம் ரூபாய் தேவைக்காக அவர்கள் இழந்தது 10 லட்சம். தேவையைவிட இழப்பே பெரிது! அந்த 8 லட்சத்தை உறவினர் சிலர் சேர்ந்தோ, பைத்துல்மாலில் இருந்து அழகிய கடனாகவோ, நகையை வைத்தோ இரண்டு மூன்று மாதங்களுக்குத் திரட்டியிருந்தால், வீட்டை நிதானமாக விற்று அக்கடனை அடைத்திருக்கலாம். ஆகவே, “எவ்வளவு விரைவில் விற்கலாம்?” என்று கேட்பதற்கு முன், “நமக்குத் தேவையான தொகை எவ்வளவு? எந்த நாளுக்குள்? அந்த நாளைக் கடப்பதற்கு வேறு வழி உண்டா?” என்று கேட்டுக்கொள்வதே அறிவுடைமை.

விற்றே ஆக வேண்டும் என்று முடிவான பின், குடும்பத்தார் கூடி, இதற்குக் கீழே இறங்குவதில்லை என்ற ஒரு தொகையை முதலிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதே தெருவில் அண்மையில் பதிவான கிரயங்களை விசாரித்து, பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பையும் பார்த்து, அதை முடிவு செய்யலாம். வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிக் காணலாம். அந்த மதிப்பு வேறு, சந்தை விலை வேறு என்பதையும் நினைவில் கொள்க. “கைடுலைன் வேல்யூ இவ்வளவுதானே” என்று கூறி விலையைக் குறைப்பது வாங்குவோரின் பழைய உத்தி.

தாமதம் எங்கே பிறக்கிறது?

வீடு விரைவாக விற்காமல் போவதற்கு ஆள் கிடைக்காததுதான் காரணம் என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது உண்மையன்று. ஆள் வருகிறார், பத்திரங்களைப் பார்க்கிறார், திரும்பிப் போய்விடுகிறார். குறையுள்ள பத்திரத்தை ஏற்றுக்கொண்டு வாங்க முன்வருபவர் அந்தக் குறைக்கும் சேர்த்து விலையைக் குறைக்கிறார். எனவே விரைவாக விற்பதற்கான முதல் வழி, விற்கும் எண்ணமே இல்லாத காலத்தில் பத்திரங்களைச் சீராக்கி வைப்பதாகும்.

பார்க்க வேண்டியவை இவை. மூலப்பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களும் அசலாகக் கையில் உள்ளனவா? அசல் தொலைந்திருந்தால் காவல்நிலையத்தில் புகார் அளித்துச் சான்று பெறுவது, நாளிதழில் அறிவிப்பு வெளியிடுவது ஆகியவற்றுக்கே வாரக்கணக்கில் ஆகும். பட்டா யார் பெயரில் உள்ளது? பாட்டனார் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கும் வீடுகள் பல. வீட்டு வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு ஆகியவை யார் பெயரில் உள்ளன? பாக்கி ஏதும் உண்டா?

அடுத்து வில்லங்கச் சான்று. வங்கியில் வீட்டுப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் பெற்றிருந்தால் அது வில்லங்கச் சான்றில் பதிவாகியிருக்கும். கடனைக் கட்டி முடித்து, பத்திரத்தையும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறோம். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய மறந்துவிடுகிறோம். பத்தாண்டுகளுக்குப் பின் விற்கும்போது, தீர்ந்துபோன கடன் வில்லங்கமாக எழுந்து நிற்கிறது. அப்போது அந்த வங்கிக் கிளையையும் பழைய கணக்கையும் தேடி அலைய வேண்டியுள்ளது. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் பொறுப்பில் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023ஆம் ஆண்டில் உத்தரவிட்டு, அது அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இந்த உரிமையைக் கேட்டுப் பெறுவோமாக.

இன்னொன்று நமது மஹல்லாக்களுக்கே உரியது. பல ஊர்களில் வீடு நம்முடையதாக இருக்கும். அடிமனை வக்ஃபுக்குச் சொந்தமாக இருக்கும். வக்ஃப் நிலத்தை எவரும் விற்க இயலாது; விற்றாலும் செல்லாது. முன்னோர் அடிமனை வாடகை கட்டிய ரசீது பெட்டியில் கிடந்தால், அதை மறைத்து விற்க முயல்வது வாங்குபவருக்கும் துரோகம், வக்ஃபுக்கும் துரோகம். முதலில் ஜமாஅத் அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்த்துத் தெளிவு பெறுவதே முறை.

எல்லோருடைய கையெழுத்தும்

பாகம் பிரிக்கப்படாத வீட்டை விற்பதில்தான் நமது குடும்பங்கள் மிகுதியாகத் தடுமாறுகின்றன. ஒருவர் மறைந்த மறுகணமே அவருடைய சொத்து வாரிசுகள் அனைவருக்கும் உரியதாகிறது. வீட்டில் குடியிருக்கும் மகனுக்கு மட்டும் அது உரியதன்று. திருமணமாகிச் சென்ற மகளுக்கும், அவள் எந்த ஊரில் இருந்தாலும், அதில் பங்கு உண்டு. அது இறைவன் திருக்குர்ஆனில் அளவு குறித்துக் கொடுத்த பங்கு. அண்ணன் தம்பியர் மனமிரங்கிக் கொடுப்பதன்று.

முன்னர் கூறிய 40 லட்ச ரூபாய் வீட்டையே எடுத்துக்கொள்வோம். தந்தை காலமாகிவிட்டார். அவருடைய பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். மனைவியும் இரு மகன்களும் ஒரு மகளும் உள்ளனர். கடனும் வஸிய்யத்தும் ஏதுமில்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 5 லட்சம். எஞ்சிய 35 லட்சத்தை ஐந்து கூறாக்கினால் கூறு ஒன்று 7 லட்சம். மகன்களுக்குத் தலா 14 லட்சம். மகளுக்கு 7 லட்சம். “தங்கைக்குக் கல்யாணத்திலேயே செய்துவிட்டோம்” என்று கூறி, ஐம்பதாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக் கையெழுத்து வாங்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. திருமணத்தில் கொடுத்தது கொடுத்ததுதான். அது வாரிசுரிமையை அழிப்பதில்லை. தனது பங்கு எவ்வளவு என்பதை முழுமையாக அறிந்த பின், ஒரு சகோதரி தானே விரும்பி விட்டுக்கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை. அறியாமலும், அழுத்தத்திற்கு அஞ்சியும் விட்டுக்கொடுப்பது அவ்வாறன்று.

இதில் உலகியல் நன்மையும் உண்டு. ஒரு வாரிசு தன் பங்கை மட்டுமே விற்க முடியும். ஒரு சகோதரியை விட்டுவிட்டுப் பதிவு செய்த கிரயம் அவளுடைய பங்கைக் கட்டுப்படுத்தாது; அவள் நீதிமன்றம் சென்றால் வாங்கியவரும் சேர்ந்து அலைவார். அதனால்தான் விவரமறிந்தவர்கள் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழைக் கேட்கின்றனர். அதில் உள்ள அனைவரும் ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகம் வந்து ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுவதும், அவரவர் பங்குத் தொகை அவரவர் வங்கிக் கணக்கில் தனித்தனியே சேர்வதும் மிகச் சிறந்த முறை. “மூத்தவன் வாங்கி எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பான்” என்ற ஏற்பாட்டில் எத்தனை மூத்தவர்கள் பழிக்கு ஆளாயினர் என்பதை நாம் அறிவோம். நேர்மையான மூத்தவரைக் காப்பாற்றவும் இந்த முறையே உதவும்.

வாரிசுகளில் வயது வராத பிள்ளை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நம் நாட்டில் நடைமுறையிலுள்ள முஸ்லிம் சட்டப்படி, தந்தை மறைந்த பின் அவர் தம் உயிலில் நியமித்தவரும், தந்தைவழிப் பாட்டனாரும், அப்பாட்டனார் நியமித்தவருமே பிள்ளையின் சொத்துக்குச் சட்டப்படியான காப்பாளர்கள். தாய்க்கும், தாய் மாமனுக்கும், பெரியப்பா சித்தப்பாவுக்கும், அவர்கள் எவ்வளவு அன்போடு வளர்த்தாலும், அந்தப் பிள்ளையின் அசையாச் சொத்தைத் தாமாக விற்கும் அதிகாரம் இல்லை என்று பிரிவி கவுன்சில் 1918ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நீதிமன்றங்கள் அதையே பின்பற்றி வருகின்றன. அத்தகைய நிலையில் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தை அணுகி, நியமனமும் விற்பதற்கான அனுமதியும் பெற வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும். இதைத் தவிர்த்துக் குறுக்கு வழியில் விற்றால், வயது வந்த பின் அந்தப் பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

வாய்மொழியாகச் செய்யப்பட்ட ஹிபாவும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெண் மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. கொடுப்பதாக அறிவித்து, பெறுபவர் ஏற்று, வீட்டின் அனுபவமும் ஒப்படைக்கப்பட்டால், பதிவு செய்யப்படாவிட்டாலும் முஸ்லிம் சட்டப்படி அது செல்லும். எழுதி வைத்த காரணத்தால் மட்டும் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை என உச்ச நீதிமன்றமும் 2011ஆம் ஆண்டில் கூறியுள்ளது. ஆனால் செல்லும் என்பது வேறு, விற்க முடியும் என்பது வேறு. பதிவேட்டில் தந்தையின் பெயரே இருந்தால் வாங்குபவர் தயங்குவார். தந்தை உயிரோடு இருக்கும்போதே முறையாகப் பதிவு செய்துகொள்வது பின்னாளைய சண்டையைத் தவிர்க்கும்.

யாரிடம் விற்பது?

விரைவாக வாங்கக்கூடியவர் பெரும்பாலும் அண்டை வீட்டார்தாம். தம் மனையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் அவர்களுக்கு அந்த இடம் மற்றவர்களைக் காட்டிலும் பயன் மிகுந்தது. விலையும் கூடுதலாகத் தர இயலும். இஸ்லாமியச் சட்டம் ‘ஷுஃப்ஆ’ என்ற முன்வாங்கும் உரிமையைப் பங்காளிக்கும், ஹனஃபி மத்ஹபின்படி அண்டை வீட்டாருக்கும் அளித்துள்ளது. சென்னை உயர் நீதிமன்றம் 1870ஆம் ஆண்டிலேயே அதை நடைமுறைப்படுத்த மறுத்துவிட்டதால் நமது பகுதியில் அது நீதிமன்றம் மூலம் கேட்கக்கூடிய உரிமையன்று. எனினும் முதலில் உடன்பிறந்தோரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்பது நல்லொழுக்கமும் ஆகும், விரைவான வழியும் ஆகும்.

அடுத்து வெளிநாட்டில் பணிபுரியும் நம் ஊரார். விடுமுறைக்கு வரும்போது வீடு தேடும் அவர்களுக்கு, உள்ளூரில் என்ன விற்பனைக்கு வருகிறது என்பதே தெரிவதில்லை. மூன்றாவதாகத் தரகர்கள். தரகுத் தொகை எவ்வளவு, யார் தருவது என்பதை முதல் நாளே பேசி முடிக்க வேண்டும். ஒரே வீட்டைப் பத்துத் தரகர்களிடம் சொன்னால், பத்து விதமான விலை ஊரில் உலவும். விற்பவரின் அவசரமும் ஊரெங்கும் பரவும். ஓரிருவரிடம் சொல்லி, ஒரே விலையைச் சொல்வது நன்று.

வாங்குபவர்களில் இரு வகையினர் உண்டு. வங்கிக் கடன் பெற்று வாங்குபவருக்குச் சட்டக் கருத்து, மதிப்பீடு, அனுமதி எனச் சில வாரங்கள் பிடிக்கும். ஆனால் விலை கூடுதலாகத் தருவார். கையில் முழுப் பணம் உள்ளவர் விரைவாக முடிப்பார், விலையில் குறைப்பார். நமது பத்திரங்கள் சீராக இருந்தால், வங்கிக் கடனுக்காகக் காத்திருக்கும் அந்தச் சில வாரங்கள் பல லட்சங்களை மிச்சப்படுத்தக்கூடும்.

அச்சாரம் வாங்கும்போது, துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்திடும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) அமைந்துள்ளது என்பதை நாம் அறிவோம். தமிழ்நாட்டில் விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மொத்த விலை, முன்பணம், எஞ்சிய தொகையைச் செலுத்தும் நாள், நாள் தவறினால் முன்பணம் என்னவாகும் என்பவை தெளிவாக அதில் இடம்பெற வேண்டும். சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து, பதினொரு மாதம் என்று உடன்படிக்கை போட்டு, அதற்குள் நம் வீட்டை வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குக் கைமாற்றும் முறை ஒன்று உண்டு. அவசரம் நமக்கு என்றால், தவணை நாள் நமது அவசரத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

ரொக்கம் என்றால் என்ன?

“ரொக்கமாகத் தருகிறேன்” என்ற சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. அதன் பொருள் ‘முழுத் தொகையும் ஒரே தவணையில்’ என்றிருந்தால் நன்று. ‘நோட்டுக் கட்டுகளாக’ என்றிருந்தால் அது ஆபத்து. அசையாச் சொத்து விற்பனை தொடர்பாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2015 ஜூன் 1 முதல் வருமான வரிச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. முன்பணத்துக்கும் இது பொருந்தும். மீறினால், பெற்ற தொகைக்குச் சமமான தொகை அபராதமாக விதிக்கப்படலாம். அந்த அபராதம் பணத்தைப் பெற்றவர் மீது, அதாவது விற்றவர் மீது விழும்.

எனவே, 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு “பத்திரத்தில் 30, கையில் 10” என்று ஒருவர் சொன்னால், அதன் ஆதாயம் அவருக்கு, ஆபத்து நமக்கு. அவருக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் குறையும். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு இவ்விரண்டும் சேர்ந்து பொதுவாக 9 விழுக்காடு. நமக்கோ 10 லட்சத்துக்கு அபராத அச்சம். கணக்கில் காட்ட இயலாத பணம். அடுத்த வீட்டை வாங்கும்போது அதைப் பயன்படுத்த முடியாத நிலை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது, வீடு விற்ற பணத்தை அலமாரியில் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நாடு கண்டது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பெங்களூரு சொத்து ஒன்றுக்கு 75 லட்சம் ரூபாயை ரொக்கமாக முன்பணம் கொடுத்ததாகக் கூறித் தொடரப்பட்ட வழக்கில், 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுத்ததாகக் கூறப்படும் வழக்குகளையும் ஆவணங்களையும் நீதிமன்றங்களும் பதிவு அலுவலர்களும் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டுள்ளது.

நேர்வழி எளிதாகவே உள்ளது. பெரிய தொகைகளை உடனுக்குடன் அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். முறை 2020 டிசம்பர் முதல் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. அல்லது வங்கி வரைவோலை பெறலாம். அதைக் கொடுத்த வங்கிக் கிளையிலேயே அது உண்மையானதா என்று உறுதிசெய்துகொள்ளலாம். பணம் நம் கணக்கில் சேர்ந்த பின்னரே பதிவு மேசையில் விரல் ரேகை வைப்பது என்பதில் உறுதியாக இருப்போம். “நாளை காசோலை மாறிவிடும்” என்ற சொல்லை நம்பி, பணம் முழுவதும் பெற்றுக்கொண்டதாகப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திட்டால், பின்னர் பெறவில்லை என்று நிறுவுவது மிகக் கடினம்.

கடனுக்காக எழுதும் கிரயம்

இவ்வுரையில் நாம் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதுவே. வட்டிக்குப் பணம் கொடுப்போர் சிலர், “அடமானம் வேண்டாம், சும்மா பெயருக்கு ஒரு கிரயப் பத்திரம் எழுதிக் கொடுங்கள், பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் வீட்டைத் திரும்ப எழுதித் தருகிறேன்” என்கின்றனர். கடன் வாங்குபவர் தாம் வீட்டை விற்கவில்லை என்றே எண்ணுகிறார். சட்டத்தின் கண்ணில் அவர் விற்றுவிட்டார். திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி அதை அடமானம் என்று கருத இடமுண்டு. தனித் தாளில் எழுதிய வாக்குறுதியும், வாயால் சொன்ன வாக்குறுதியும் அந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை. 5 லட்சம் கடனுக்கு 40 லட்ச ரூபாய் வீடு போவது இவ்வழியில்தான். இதேபோல் பொது அதிகார ஆவணம் எழுதிக் கொடுப்பதும் ஆபத்தானது. அதிகார ஆவணத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் அதைக் கையில் வைத்திருப்பவர் நம் சார்பில் வேறொருவருக்குக் கிரயம் செய்துவிட முடியும்.

கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதலே உள்ளது. மிரட்டலுக்கு ஆளாவோர் காவல்துறையை அணுகலாம். வட்டி நமக்கு விலக்கப்பட்டது என்பதை மிம்பரில் கேட்கிறோம். அந்த வாசலுக்கு நம் சகோதரர் ஏன் சென்றார், அவர் முதலில் தட்டிய கதவுகள் எவை, அவற்றை நாம் திறந்தோமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்போரும் வரியும்

வாரிசுகளில் ஒருவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகார ஆவணத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். அது இந்த ஒரு வீட்டுக்கு மட்டும், தம் பங்கை விற்பதற்கு மட்டும் என்று வரையறுத்து எழுதப்படுவது நன்று. பணம் அவருடைய கணக்குக்கே செல்ல வேண்டும் என்பதையும் அதில் எழுதிவிடலாம்.

உள்நாட்டில் வசிப்பவர் 50 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டை விற்றால், வாங்குபவர் 1 விழுக்காட்டைப் பிடித்து வரியாகச் செலுத்துவார். விற்பவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், 50 லட்சத்துக்குக் குறைந்தாலும் வரிப்பிடித்தம் உண்டு. அதன் அளவும் மிகுதி. உண்மையில் கட்ட வேண்டிய வரி குறைவு என்றால், வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்கான சான்று பெறலாம். இதை அறியாமல் பதிவு நாளன்று தகராறு எழுவதுண்டு.

இரண்டாண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்பதில் வரும் ஆதாயத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் 12.5 விழுக்காடு வரி. அந்நாளுக்கு முன் வாங்கிய வீடாயின், உள்நாட்டில் வசிக்கும் தனிநபர், பணவீக்கக் கணக்கீட்டோடு 20 விழுக்காடு என்ற பழைய முறையில் கணக்கிட்டால் வரி குறையுமெனில் அந்த அளவே செலுத்தலாம். ஆதாயத் தொகையில் வேறொரு வீட்டை இரண்டாண்டுகளுக்குள் வாங்கினாலும், மூன்றாண்டுகளுக்குள் கட்டினாலும் வரிவிலக்கு உண்டு. விற்ற பின் தணிக்கையாளரைத் தேடுவதைவிட விற்கும் முன் ஒரு முறை கேட்பது மேல்.

நமது பொறுப்பு

பெரியோர்களே! இவ்வளவும் தனிமனிதர் செய்ய வேண்டியவை. ஜமாஅத் செய்ய வேண்டியவையும் உண்டு. நிர்வாகக் குழுவின் பார்வைக்கு நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது: பள்ளியின் உட்புறத்தில் விற்பனை அறிவிப்புக் கூடாது என்பதை அறிவோம். ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்து, வீடு விற்க விரும்புவோரும் வாங்க விரும்புவோரும் தம் விவரத்தைத் தரகின்றிப் பதிந்துகொள்ள வழிசெய்யலாம். இரண்டாவது: மஹல்லாவில் உள்ள வழக்கறிஞர், ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர், பத்திர எழுத்தர் ஆகியோர் மாதம் ஒரு நாள் அமர்ந்து, பத்திரங்களைப் பார்த்து ஆலோசனை கூறலாம். மூன்றாவது: பைத்துல்மாலில் மருத்துவ அவசரத்துக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி, வீடு விற்கும் வரை தாங்கக்கூடிய அழகிய கடனாக, எழுத்து முறையில், திருப்பிச் செலுத்தும் நாள் குறித்து வழங்கலாம். நான்காவது: பாகப் பிரிவினைக்கு ஜமாஅத்தை அணுகும் குடும்பங்களில், பெண் மக்களை நேரில் அழைத்து, அவர்களுடைய பங்கை எழுத்தில் அறிவித்த பின்னரே சாட்சிக் கையெழுத்து இடுவது என்று நிர்வாகம் உறுதி பூணலாம்.

கைக்கூலிக்காக விற்கப்படும் வீட்டைப் பற்றியும் ஒரு சொல். மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவர்கள், பெண் வீட்டாரின் கூரையை விற்க வைத்து மணமுடிப்பது என்ன நியாயம்? அந்த விற்பனை விரைவாக நடக்க வேண்டும் என்பதைவிட, நடக்காமலே இருக்க வேண்டும் என்பதே நமது விருப்பம்.

இல்லம் திரும்பியதும் இன்றிரவே ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியைத் திறந்து, வீட்டுப் பத்திரம் யார் பெயரில் உள்ளது, பட்டா யார் பெயரில் உள்ளது, அசல் உள்ளதா என்று பாருங்கள். மனைவியையும் வளர்ந்த பிள்ளைகளையும், பெண் பிள்ளைகளையும் சேர்த்து, அருகில் அமர்த்திக்கொண்டு பாருங்கள். குறை ஏதும் தெரிந்தால், அவசரம் இல்லாத இக்காலத்திலேயே அதைச் சரிசெய்யத் தொடங்குங்கள்.